நாளைக்காரனின் ரத்தம்

அந்தப் பட்டறையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள் என்று சொன்னால் அது அண்ணனுக்குச் செய்கிற அநியாயம். அண்ணன் வேலை செய்தான், தம்பி கூட இருந்தான். வீட்டுக்கு கேட், ஜன்னலுக்கு கிரில், மாடிப்படிக்குக் கைப்பிடி, எது கேட்டாலும் நேரில் போய் அளவெடுத்து, இரும்பை வெட்டி வளைத்து, வெல்டிங் வைத்துக் கொடுக்கிற சின்ன இடம். தகரக் கூரை, சுவரில் சாய்த்து வைத்த பைப்புகள், தரையெல்லாம் கிரைண்டர் உதிர்த்த கறுப்புத் தூள். சாமான் எப்போது கிடைக்கும் என்று யார் வந்து கேட்டாலும் தம்பியிடம் ஒரே பதில்தான்: நாளைக்கு. மழைக்கு முன்னால் வேண்டும் என்று கேட்டவருக்கும் நாளைக்கு, மழை விட்டபின் சண்டைக்கு வந்தவருக்கும் நாளைக்கு. தெருவே சேர்ந்து அவனுக்கு நாளைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டது. அவனுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. வருத்தப்படுவதைக்கூட ஒத்திப் போடுகிற ஆள் அவன்.

அதற்காக வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. மனசு வைத்தால் அவன் இழுக்கிற வெல்டிங் கோடு அண்ணனுடையதைவிடச் சீராக இருக்கும். மனசு வைப்பதுதான் அபூர்வம். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. படுக்கை பட்டறைக்குப் பின்னால் ஒரு அறையில், சாப்பாடு அண்ணன் வீட்டில். அண்ணி தையல் ஆலையில் வேலை செய்பவள். காலையில் முதல் பேருந்துக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். வந்த கையோடு மூன்று பேருக்கும் சமைப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. கொழுந்தன் தட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்புவாள், நிரப்பிக்கொண்டே இந்தச் சாப்பாடு எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது என்று வாரிவிடுவாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பம்.

அண்ணனுக்கு நோய் வந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பல் விளக்கும்போது அவன் ஈறில் ரத்தம் கசிந்தது. எதிலும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் தொடையிலும் நீலமாகக் கன்றியது. இரும்போடு புரள்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று அண்ணனும் தம்பியும் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். பட்டறைக்காரர்களின் புத்தி அப்படித்தான் போகும். உடம்பில் எது வந்தாலும் அதற்கு ஏதாவது ஒரு இரும்பைக் கைகாட்டிவிடுவார்கள். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷனை இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைத்தாள். ரத்தப் புற்றுநோய் என்று வந்தது.

வீட்டுக்கு ஒரு நாள் தூரத்தில் வேறொரு நகரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நோய் அடங்கியது, மறுபடியும் தலைதூக்கியது. இனி எலும்பு மஜ்ஜையை மாற்றினால்தான் வழி என்றார் டாக்டர். அதற்கு உடன்பிறந்தவர்களில் பொருந்துகிறவர் யாராவது வேண்டும். உடன்பிறந்தது என்று இருந்தது நாளைக்காரன் ஒருவன்தான். பரிசோதித்துப் பார்த்தார்கள். அச்சு அசலாகப் பொருந்தியது.

அந்தச் செய்தி வந்த அன்று அவன் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து யாருக்கும் எதற்கும் உதவாதவன் என்று பேர் வாங்கியவனிடம், உலகத்திலேயே உன்னால் மட்டும்தான் முடியும் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். தேதி குறித்ததும் சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நின்றான். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி, மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். தூங்கிக்கொண்டே செய்த வேலைக்கு எல்லோரும் வந்து கைகொடுத்துவிட்டுப் போனது அவன் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

எடுத்த மஜ்ஜை அண்ணன் உடம்புக்குள் ஒரு சாதாரண ரத்தப் பையைப் போலச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதற்குப் பிறகு காத்திருப்பு. புது மஜ்ஜை வேர் பிடித்து ரத்தம் ஊறத் தொடங்க வேண்டும். அண்ணன் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் தனியாகக் கிடந்தான். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. அணுக்களின் எண்ணிக்கை நகர்வேனா என்றது. தம்பி கதவுக்கு வெளியே நின்று போனில் பேசினான். உள்ளே இருந்து அண்ணன் சிரிக்கப் பார்த்தான்.

"உன் ரத்தமாச்சேடா. அது எழுந்து சோம்பல் முறிக்கிறதுக்குள்ள நான் போயிடுவேன் போலிருக்கு."

போகவில்லை. எண்ணிக்கை ஏறியது. வேர் பிடித்துவிட்டது என்று டாக்டரே வந்து சொன்னார். கொஞ்ச காலத்தில் அண்ணனுடைய ரத்த வகையே மாறித் தம்பியின் வகையாகிவிடும் என்றும் சொன்னார். இடையில் ஊருக்குப் போனபோது நாளைக்காரன் அதைத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். அண்ணன் உடம்பில் ஓடுவது இனி என் ரத்தம்தான் என்று டீ குடிக்க வந்தவர்களைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னான். கேட்டவர்கள், அப்படியானால் இனி பெரியவரும் நாளைக்கு என்றுதான் சொல்வாரா என்று கேட்டார்கள்.

அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை. அண்ணனுக்கு உள்ளங்கையும் பாதமும் நெருப்பில் வைத்ததுபோலச் சிவந்தன. வயிறு தண்ணீராகப் போனது. டாக்டர் அண்ணியையும் தம்பியையும் உட்கார வைத்து விளக்கினார். உள்ளே போன தம்பி ரத்தம் தனக்கு அங்கே எல்லாமே அந்நியம் என்று நினைக்கிறது, அதனால் தோல், குடல், ஈரல் என்று கண்டதையும் தாக்குகிறது. இதற்கு ஜி.வி.எச்.டி. என்று பெயர், மாற்று மஜ்ஜை வாங்கியவர்கள் பலருக்கும் வருவதுதான். இந்தச் சண்டை கொஞ்சம் இருந்தால் நல்லதும்கூட, மிச்சம் மீதி இருக்கிற புற்று அணுக்களையும் அது தேடிப் பிடித்து அழிக்கும். அளவு மீறினால்தான் ஆபத்து. இப்படிப் பொறுமையாகத்தான் சொன்னார். நாளைக்காரன் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

மருந்தைக் கூட்டினார்கள், சிவப்பு இறங்கியது. அண்ணன் அதையும் விட்டுவைக்கவில்லை. இந்தச் சுறுசுறுப்பைப் பட்டறையில் காட்டியிருந்தால் இதற்குள் இரண்டு மாடி கட்டியிருக்கலாமே என்றான். நாளைக்காரன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை, அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை, தூக்கம் கெட்டவள் பார்க்கிற வெறும் பார்வை. அவனோ அதைக் குற்றச்சாட்டாகவே வாங்கி மனசில் போட்டுக்கொண்டான். யாரும் சொல்லாத ஒரு வார்த்தையை அன்றிலிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்: உன் ரத்தம்தான் அவனைத் தின்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் அண்ணியிடம் கட்டுப்பாடுகளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். கொதித்த தண்ணீர், மூடிய முகம், வெயில் கூடாது, கூட்டம் கூடாது, தூசி புகை அறவே கூடாது. அதனால் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மாத்திரை நேரம் தவறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கண், வாய், தோல், வயிறு, மூச்சு, இதில் எதில் எது புதிதாக வந்தாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். அன்றைக்கே என்பதை சிஸ்டர் அழுத்திச் சொன்னாள். சண்டை ஓய்ந்த மாதிரி இருந்து மாதக்கணக்கில் கழித்து மறுபடி கிளம்பும், மெதுவாக வரும், வந்ததே தெரியாது என்றாள்.

சில மாதங்கள் எல்லாம் நல்லபடியாகவே போயின. ரத்தத்தைப் பக்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து முடிவைப் போனில் சொன்னால் போதும், நேரில் வருவதை இனிக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முடிவுகள் சொக்கத் தங்கமாக வந்தன. புற்று இருந்த சுவடே இல்லை. அண்ணி ஆலைக்குத் திரும்பினாள். அண்ணன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பதினைந்து வயதிலிருந்து இரும்பைத் தொட்டவனுக்குச் சுவரைப் பார்த்து உட்காருவது சாமானியமான தண்டனை இல்லை. ஒருநாள் அண்ணியின் பேருந்து கிளம்பிய கையோடு முகத்தை மூடிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றான். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றான். நாளைக்காரன் திட்டினான், கெஞ்சினான், கடைசியில் மூலையில் நாற்காலியைப் போட்டு, முன்னால் தடித்த கறுப்புத் திரையும் தொங்கவிட்டான். வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். அவள் திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய்க் குளித்து, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்வான். வேலை முடிந்ததும் திரையை விலக்கி வந்து தம்பி இழுத்த கோட்டைத் தடவிப் பார்ப்பான். இங்கே ஓட்டை விட்டிருக்கிறாய், அங்கே கசடு தட்டவில்லை என்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைப் பார்த்த பிறகு வராதே என்று சொல்லத் தம்பிக்கு மனசு வரவில்லை.

பிறகு அண்ணனுக்குக் கண் உறுத்தத் தொடங்கியது. மணலை அள்ளிப் போட்டதுபோல இருக்கிறது என்றான். வெள்ளை விழி சிவந்திருந்தது, வெளிச்சம் பார்த்தால் கூசியது.

வெல்டிங் செய்கிறவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. முகக்கவசம் இல்லாமல் ஒரு நொடி அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால், சாயங்காலத்துக்கு மேல் இதே மணல் உறுத்தல், இதே சிவப்பு. வெளிச்சம் அடித்துவிட்டது என்பார்கள். உருளைக்கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு இருட்டில் படுப்பார்கள். எழுந்தால் சரியாகிவிடும். டாக்டரிடம் போகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நாளைக்காரன் உருளைக்கிழங்கு நறுக்கினான். பின்னறையை இருட்டாக்கி அண்ணனைப் படுக்க வைத்தான். திரைக்கு மேலே எட்டிப் பார்த்தாயா என்று கேட்டான். பார்த்திருப்பேன் என்றான் அண்ணன். கழுத்திலும் முன்கையிலும் தோல் கறுத்துத் தடித்தது, அதற்கும் வெளிச்சமே காரணம் என்றார்கள். வறட்டு இருமல் வந்தது, வெல்டிங் ராடு உருகுகிற புகை என்றார்கள். வாயில் புண் வந்தது, அதற்கு மட்டும் இரும்பில் காரணம் கிடைக்கவில்லை, மாத்திரைச் சூடு என்று முடித்தார்கள். கண், வாய், தோல், மூச்சு. சிஸ்டர் சொன்ன ஐந்தில் நான்கு வாசலில் வந்து நின்றாயிற்று. அண்ணனும் தம்பியும் அவற்றுக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள், அவளுக்குப் படாமல் இருக்குமா? சாப்பாடு போடும்போது கொழுந்தனைத் தனியே கேட்டாள்.

"அவர் கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"தெருவுல ரோடு போடுறாங்கல்ல அண்ணி, தூசி. எனக்கும்தான் உறுத்துது. நாளைக்குச் சரியாயிடும்."

உண்மையைச் சொன்னால் பட்டறைக்கு வருவதைச் சொல்ல வேண்டும். அவள் நம்பினாள். புருஷன் சொன்னால் சந்தேகப்பட்டிருப்பாள், கொழுந்தன் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சோம்பேறிதான், பொய்யன் இல்லை என்பது அவனைப் பற்றி அவள் வைத்திருந்த கணக்கு.

இதுவரை நடந்ததைத் தெரியாத்தனம் என்று சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்ததை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டறையின் வெல்டிங் மிஷின் ஒருநாள் புகைந்து நின்றது. உள்ளே செப்புக் கம்பி முழுக்கக் கருகியிருந்தது. கம்பி மாற்றித் தர ஒரு வாரம் ஆகும் என்று ரிப்பேர் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் பட்டறையில் ஒரு பொறி பறக்கவில்லை. அண்ணன் வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் பழைய கேட்டுகளுக்கு உப்புத்தாள் தேய்த்தார்கள், பழங்கதை பேசினார்கள். வாரக் கடைசியில் நாளைக்காரன் அண்ணனுடைய கண்ணைப் பார்த்தான். அது முன்பைவிடச் சிவந்திருந்தது.

வெளிச்சமே இல்லாத இடத்தில் வெளிச்சம் அடிக்காது. இது அவனுக்குப் பச்சைப் பிள்ளைப் பாடம். ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் ஆறுகிற கண் வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கிறதென்றால் அது வேறு ஏதோ என்பதும் தெரியும். அந்த வேறு ஏதோ என்ன என்பதும் தெரியும். கையில் போன் இருந்தது, ஆஸ்பத்திரி நம்பர் அதில் இருந்தது. ஆனால் அழைத்துச் சொன்னால், தம்பி ரத்தம் மறுபடி கிளம்பிவிட்டது என்றுதானே சொல்வார்கள்? அண்ணி மறுபடி அந்தப் பார்வை பார்ப்பாளே? வெல்டிங் வெளிச்சத்தின் மேல் பழி இருக்கிறவரை அவன் ரத்தத்தின் மேல் பழி இல்லை. மிஷின் வரட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கோழை என்று அவனைத் திட்டலாம்தான். அண்ணன் செத்துவிடுவான் என்று அவன் நினைக்கவில்லை, அண்ணனைக் கொன்றவன் என்று தனக்குப் பேர் வந்துவிடும் என்றுதான் நினைத்தான். பயத்தில் மனுஷனுக்கு எது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள்.

அண்ணன் அந்த வாரம் எதுவும் கேட்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மிஷின் வந்தது, மறுபடி பொறி பறந்தது, மறுபடி உருளைக்கிழங்கு. மாதம் ஒன்று ஓடிவிட்டது. ஒருநாள் தம்பி இழுத்த கோட்டின் மேல் சாம்பல் படிந்திருந்தது. அதை ஊதிவிட்டுப் பார்க்கலாம் என்று அண்ணன் குனிந்தான். ஊதினான், சாம்பல் அசையவில்லை. இன்னொரு தடவை மூச்சை இழுத்து ஊதினான். அப்போதும் அசையவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், உதடு நீலமாக இருந்தது. தம்பிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊதின அளவு இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இருந்தது. எத்தனை நாளாகக் கண் இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். நாலைந்து நாளாக என்றான் அண்ணன். விட்டுவிட்டு வருகிறது, ரோட்டுத் தூசி என்று அண்ணியும் சொன்னாள். நாளைக்காரன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பொய்யின் மேல் மருந்து கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறந்தான்.

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு சார். அண்ணன் பட்டறைக்கு வந்துக்கிட்டிருந்தாரு. வெல்டிங் வெளிச்சம் அடிச்சதுன்னு நெனச்சோம்."

மூச்சு நுழைகிற சின்னக் குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன, அடைத்தது இனித் திறக்காது, மேலும் அடைக்காமல் பார்க்கலாம் என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் நுரையீரல் தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார். சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

வராந்தாவில் நாளைக்காரன் அண்ணி காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"விடு. உங்க வேலையில தினம் வர்றதுதானே, அதுன்னு நெனச்சுட்டீங்க. தெரியாம நடந்தது. தெரிஞ்சிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

அவன் பதில் சொல்லவில்லை. அவள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு அண்ணன் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தான். அதை வாழ்ந்தான் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஸ்டீராய்டு மாத்திரை முகத்தை உப்ப வைத்தது, சர்க்கரையை ஏற்றியது, எலும்பை அரித்தது. கண்ணீர் வற்றிப் போய், மணிக்கு மணி மருந்துச் சொட்டு விட்டால்தான் இமை நகர்ந்தது. கைத்தோல் தோல்பை மாதிரி இறுகி விரல்கள் மடங்கின மடங்கலிலேயே நின்றுவிட்டன. சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிட்டாள். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போகாத அந்த நாள்களில் அண்ணி மருந்தையும் மூச்சையும் தவிர வேறு எதையும் பேசவில்லை. நாளைக்காரனோ ஆளே மாறிப்போனான். கேட்டுகள் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன. தெருவில் அவனைப் பழைய பெயர் சொல்லிக் கிண்டல் செய்தவர்கள் மெல்ல நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணி மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அண்ணன் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்த வாரம் ஞாபகம் இருக்கா?"

நாளைக்காரன் தலையாட்டினான். இருக்கிறது என்றான்.

"அப்பவே எனக்குத் தெரியும்டா. உனக்கும் தெரியும். உன் மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு." இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டான். "சொன்னா திரும்பவும் அந்தக் கண்ணாடி ரூமுல போட்டுடுவாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். நீ எதுக்கு மூடிக்கிட்ட?"

"என் ரத்தம்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேண்ணே."

அண்ணன் அவன் பக்கம் திரும்பினான். சிரித்தானா என்று சொல்ல முடியாது, அந்த முகத்தில் தோல் இறுகி, சிரிப்பும் வலியும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"முட்டாள். அந்த ரத்தம் இல்லேன்னா நான் அப்பவே போயிருப்பேன்." பிறகு சொன்னான்: "அவகிட்ட சொல்லிடாத. தெரியாம நடந்ததுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அந்த நிம்மதியாவது அவளுக்கு இருக்கட்டும்."

குளிர் தொடங்கிய நாள்களில் ஒரு சாதாரணச் சளி நுரையீரலில் இறங்கியது. எதிர்த்து நிற்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு அண்ணன் போன மறுநாள் போனில் வந்தது. புற்று அணு ஒன்றுகூட இல்லை, மிக நல்ல ரத்தம் என்று பரிசோதனைக் கூடத்துப் பெண் விவரம் தெரியாமல் சந்தோஷமாகச் சொன்னாள். நாளைக்காரன் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

அண்ணி மறுபடி ஆலைக்குப் போனாள். மறுபடி சமைத்தாள், இரண்டு பேருக்கு. அவன் போய்ச் சாப்பிட்டான். வாரிவிடுகிற பேச்சு நின்றுபோயிருந்தது, ஆனால் தட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்புவது நிற்கவில்லை. உலகத்தில் அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் கேட் ஒன்றுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தபோது நினைவு எங்கோ போயிற்று. முகக்கவசத்தை இறக்காமலே ராடை இரும்பில் வைத்துவிட்டான். நீல வெளிச்சம் நேராகக் கண்ணில் இறங்கியது. பொழுது சாயும்போது மணல் உறுத்தல் வந்துவிட்டது. அழுகிற கண்ணோடு சாப்பிடப் போனான்.

அண்ணி கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"வெளிச்சம் அடிச்சுடுச்சு அண்ணி. நிஜமாவே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள், அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு என்றாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். மறுபேச்சு பேசாமல் அவள் பின்னால் போனான். தெருமுனைக் கண் டாக்டர் சொட்டு விட்டு, விளக்கடித்துப் பார்த்து, வெல்டிங் வெளிச்சம்தான், கவலைப்பட ஒன்றும் இல்லை, விடிந்தால் தெளிந்துவிடும் என்றார். அண்ணி விடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் இப்படியே இருக்காதா என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார்.

"இருக்கவே இருக்காதும்மா. ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். அதுக்கு மேல போனா அது வேற ஏதோ. இவரையே கேளுங்க, வெல்டிங் பண்றவங்களுக்கு இது நல்லாத் தெரியும்."

வீட்டுக்குத் திரும்பினார்கள். அவனுக்குச் சாப்பாடு போட்டாள், தான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பேருந்துக்குப் போகிற வழியில் அவள் பட்டறைக்கு வந்தாள். அண்ணன் போன பிறகு அவள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மூலையில் நாற்காலியும் கறுப்புத் திரையும் அப்படியே இருந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பார்த்தாள், புருஷனுக்குச் சொட்டு விட்டுப் பழகிய விரல். ஒரு கண்ணைப் பார்த்தாள், மறு கண்ணையும் பார்த்தாள். இரண்டும் பால் மாதிரி வெளுத்திருந்தன.

"சரியாயிடுச்சு," என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"இது ஒரே நாள்ல சரியாயிடும்னு உங்க ரெண்டு பேருக்கும் அப்பவே தெரியும், இல்ல?"

அண்ணன் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள், நம்பத்தான் வந்திருந்தாள். அவள் விரல் இன்னும் அவன் இமையிலேயே இருந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியும் அண்ணி."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தெருமுனையில் அவளுடைய பேருந்து வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.